'குறை இல்லை' என்று எழுதும் முன்

வெப்பப் பரிமாற்றியின் மூடியைக் கழற்றினால் தேன்கூடு போல ஆயிரக்கணக்கான குழாய் வாய்கள். ஒவ்வொன்றிலும் பென்சில் மாதிரியான புரோபைக் கடைசிவரை செலுத்தி ஒரே சீராக இழுக்க வேண்டும். சுவரில் குறை இருக்கும் இடத்தில் திரையில் எட்டு வடிவக் கோடு ஒன்று விழும். எடி கரன்ட், அதாவது சுழல் மின்னோட்டச் சோதனை இதுதான். புரோபில் உள்ள சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் குழாய்ச் சுவரில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. விரிசலோ அரிப்போ அதன் பாதையை மறித்தால் சுருளின் மின்மறுப்பு மாறிவிடுகிறது. மீயொலிச் சோதனைக்கு வேண்டிய தண்ணீரோ ஜெல்லோ இதற்குத் தேவையில்லை. குழாய்க் கட்டு முழுவதையும் வெட்டாமல், பிரிக்காமல் பார்த்துவிடலாம். இந்த வேகம் பெரிய வரம்.

எஃகுக் குழாய் என்றால்தான் சிக்கல். 1 கிலோஹெர்ட்ஸில் செம்புக்குள் சுமார் 2 மி.மீ. இறங்கும் மின்னோட்டம், காந்தத்தன்மை உள்ள சாதாரண எஃகில் 1 மி.மீ. கூட இறங்காது. கல்பாக்கம் முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவிக் கலன் குழாய்களும் காந்தத்தன்மை உள்ள எஃகுதான். அவற்றுக்காக இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் தொலைப்புல முறையைக் கையில் எடுத்தது. அதிர்வெண்ணைக் குறைத்து, பெறும் சுருளை அனுப்பும் சுருளிலிருந்து குழாயின் இரண்டு மூன்று விட்டம் தள்ளி வைத்தால், காந்தப்புலம் சுவரைக் கடந்து வெளியே போய், மறுபடி சுவரைக் கடந்து உள்ளே வரும். நல்ல வழிதான். ஆனால் சமிக்ஞை மிக மெலிவு. அரிப்பு உட்புறமா வெளிப்புறமா என்று பிரித்தறிவதும் கடினம்.

என்னை உறுத்துவது இதைவிட அடிப்படையான ஒன்று. கருவியை எதை வைத்துச் சரிபார்க்கிறோம்? பெரும்பாலும் டிரில் போட்ட மாதிரிக் குழாயை வைத்து. அந்தத் துளைகள் வட்டமானவை, சுத்தமானவை. நிஜ விரிசல் மயிரிழை போன்றது. வளைவிலும் படிவுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். அமெரிக்காவின் இந்தியன் பாயிண்ட் 2 அணு உலையில் 2000 பிப்ரவரியில் நீராவிக் கலனின் 'U' வளைவுக் குழாய் ஒன்று பிளந்தது. 1997 சோதனைப் பதிவை மறுபடி பார்த்தபோது, அதே இடத்தில் விரிசலின் தடயம் இருந்தது. சமிக்ஞையின் இரைச்சலில் அது கண்ணுக்குத் தப்பியிருந்தது. சுருள் தன் வேலையைச் செய்திருந்தது; இரைச்சல் மிகுந்த பதிவைப் போதும் என்று ஏற்றதுதான் பிழை.

'குறை தெரியவில்லை' என்பதை 'குறை இல்லை' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். ஒவ்வொரு குழாயின் இரைச்சல் அளவும் அறிக்கையில் வர வேண்டும். அது வரம்பைத் தாண்டினால் அந்தக் குழாய் இன்னும் சோதிக்கப்படாத குழாய். வேறு புரோபோடு திரும்பவும் உள்ளே போக வேண்டும்.