‘ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன’: ஒரு வாக்கியத்தை முன்வைத்து

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஓர் இடத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். நமக்கும் கம்ப்யூட்டருக்குமான உறவு டி.டி.பி. சென்டரோடு முடிந்துவிட்டதாக நம்மில் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நான் எடுத்துக்கொள்வது புரோகிராமை அல்ல, ஒரு வாக்கியத்தை. ‘ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன.’ ரயில் நிலையத்தில், ஆஸ்பத்திரியில், பூட்டுப் போட்ட ஒரு பெட்டியின்மேல் எழுதியிருக்குமே, அது. செயப்பாட்டு வினை. யார் வரவேற்கிறார் என்று வாக்கியத்துக்குள் தேடினால் ஆளில்லை. வினைமுதல் ஒளிந்திருக்கிற வாக்கியங்களைச் சந்தேகத்தோடு வாசிக்கவேண்டும் என்பதை எனக்கு எம்.ஏ. தமிழில் யாரும் சொல்லித்தரவில்லை. எண்ணூரில் கற்றுக்கொண்டேன்.

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இந்தக் கூட்டங்களுக்கு அடிப்படையான 2006-ஆம் வருஷத்து அறிவிக்கையை ஒரு இலக்கியப் பிரதியைப் போல உட்கார்ந்து வாசித்துப் பார்க்கவேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்கிற வாய்ப்பு உண்டு. வீடியோ உண்டு. கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக்காட்டவேண்டும் என்றுகூட உண்டு. கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருக்கவேண்டும் என்ற கணக்கு மட்டும் கிடையாது. எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று எண்ணுகிற வேலையும் கிடையாது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தபிறகு எந்த முகத்தில் இறால் நின்றுபோச்சு என்று ஒரு மீனவர் மைக்கில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு பட்டியலுக்குள் போகிறது. இந்தப் பக்கம் ‘எழுப்பப்பட்ட பிரச்சினை’, அந்தப் பக்கம் ‘விண்ணப்பதாரரின் பதில்’. ‘வேண்டாம்பா’ என்று அவர் சொன்னது குறிப்பில் ஏறும்போது திட்டத்தை மேம்படுத்துவதற்கான ஒரு கருத்தாக மாறிவிடுகிறது. அறிக்கை எழுதிய கன்சல்டன்டுக்குத் தெரியாததை இவர் ஓசியில் சொல்லிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போகிறார்.

இதே சொல்லாடல், மீன்வாடை இல்லாமல், புகை இல்லாமல், எப்படி இயங்குகிறது என்று பார்க்கத்தான் புரோகிராமர்களிடம் வருகிறேன்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்பது 2008-ல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் அமெரிக்காவில் தொடங்கிய இணையதளம். புரோகிராம் எழுதும்போது மாட்டிக்கொண்டவர் கேள்வி போடுவார். தெரிந்தவர் பதில் எழுதுவார். நல்ல பதிலுக்கு ஓட்டு விழும். ஓட்டு புள்ளியாகும், புள்ளி ஏற ஏற அதிகாரம் ஏறும்: 15-ல் ஓட்டுப் போடலாம், 50-ல் யார் பதிலிலும் குறிப்பு எழுதலாம், 3000-ல் அடுத்தவர் கேள்வியை மூடுவதற்கு ஓட்டுப் போடலாம். சம்பளம் கிடையாது. தரமணியிலும் சிறுசேரியிலும் உட்கார்ந்து வேலைசெய்த நம் பிள்ளைகள் பலர் பல வருஷம் இந்த இடத்தைப் பார்த்துத்தான் பிழைப்பை ஓட்டினார்கள்.

இந்த இடத்தைப் பற்றி இந்த இடத்திலேயே பேசக்கூடாது என்பது தொடங்கியவர்களின் ஆரம்ப நிலைப்பாடு. பேச்சை அடக்க முடியவில்லை. 2009-ல் பக்கத்திலேயே தனியாக ஓர் அறை கட்டிக்கொடுத்தார்கள். அதன் பெயர் மெட்டா. (மெட்டா நேரேட்டிவ் என்பதைப் ‘பெருங்கதையாடல்’ என்று தமிழில் ஆக்கி, அதை வைத்து நம் முன்னோடிகள் எத்தனை இதழ்களில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! இவர்கள் அந்த முன்னொட்டை மட்டும் பிய்த்தெடுத்து ஒரு குறைதீர்க்கும் அறைக்கு மாட்டிவிட்டார்கள்.) அங்கே பயனர் தன் யோசனையை எழுதி ‘வசதி வேண்டுகோள்’ என்ற சீட்டை ஒட்டவேண்டும். மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். பிறகு அதன்மேல் இன்னொரு சீட்டு விழும்: ‘முடிந்தது’, ‘மறுக்கப்பட்டது’, ‘ஒத்திவைக்கப்பட்டது’. எனக்குப் பிடித்தது ‘பை டிசைன்’ என்கிற சீட்டு. நீ குறை என்று சொல்வதை நாங்கள் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். இவ்வளவு நேர்மை நம் கலெக்டர் ஆபீஸில் கிடைக்காது. ஆனால் இந்த இரண்டாவது சீட்டை ஒட்டுகிற கை பயனருடையது அல்ல. கம்பெனி ஊழியருக்கும் மாடரேட்டருக்கும் மட்டுமே அந்தச் சீட்டு. ஆயிரம் ஓட்டு விழுந்தாலும் ஓட்டுகள் சேர்ந்து ‘முடிந்தது’ என்று ஒட்டிக்கொள்ள முடியாது.

ஆராய்ச்சி மணி ஞாபகம் வருகிறது. மனுநீதிச் சோழன் கதையை நாம் எப்போதும் ராஜாவின் பக்கத்திலிருந்தே படித்திருக்கிறோம். பசுவின் பக்கத்திலிருந்து படித்தால்? கயிறு தெருவில் தொங்குகிறது, தீர்ப்பு அரண்மனைக்குள் இருக்கிறது. அந்தப் பசுவுக்கு மணியடிக்கத் தெரியும் என்பதற்குமேல் அதைப் பற்றிக் கதை எதுவும் சொல்லவில்லை.

‘பயனர்’ என்ற சொல்லையே கொஞ்சம் நோண்டலாம். யூசர் என்பதற்குத் தமிழில் புழங்கும் சொல். பயன்படுத்துகிறவர், பயன் பெறுகிறவர். ரேஷன் கார்டுப் ‘பயனாளி’க்குத் தங்கச்சி. ஆனால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அத்தனை கேள்வியையும் பதிலையும் எழுதிக் குவித்தவர் இந்தப் பயனர்தானே? உற்பத்தி செய்தவனை நுகர்வோன் என்று அழைத்துவிட்டால் அவன் பேசுவதெல்லாம் ஆலோசனையாகத்தான் இருக்கமுடியும். தமிழில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: பங்காளி. பங்கு உள்ளவன், அதனாலேயே சண்டை போடுகிறவன். பங்காளி வந்து யோசனை சொல்லமாட்டான், வரப்பில் நின்று கணக்குக் கேட்பான்.

மெட்டாவில் மிகவும் பேர்போன விவாதங்களில் ஒன்று, கேள்வியின் தொடக்கத்தில் வரும் ‘ஹாய்’, முடிவில் வரும் ‘நன்றி’ ஆகியவற்றை வெட்டலாமா என்பது. வெட்டலாம் என்றே முடிவு. கேள்வியில் சரக்கு மட்டும் இருக்கவேண்டும், ஆள் தெரியக்கூடாது. திருவொற்றியூரிலிருந்து ஒரு டிப்ளமோ பையன் கேட்கப்போனால் ‘அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க’ என்றுதான் ஆரம்பிப்பான். அவனுக்குத் தெரியாததைக் கேட்பதற்கு ஓர் உறவுமுறை வேண்டியிருக்கிறது. அந்த உறவுமுறையை இந்த இடம் குப்பை என்று கூட்டித் தள்ளுகிறது. பேச்சும் ஆங்கிலத்தில் மட்டும். போர்த்துகீசியம், ஜப்பானியம், ரஷ்யன், ஸ்பானிஷ் ஆகிய நான்குக்கும் தனி இடங்கள் வந்தன, தமிழுக்கோ இந்திக்கோ வரவில்லை. உடனே புள்ளிப் படிநிலையைச் சாதிப் படிநிலை என்று எழுதிவிட நம் கை பரபரக்கும். அது சோம்பேறி ஒப்பீடு. இங்கே பிறப்பால் யாரும் மேலே இல்லை. ஆனால் இங்கிலீஷ் மீடியம் என்பது இங்கே யாருக்குப் பிறப்போடு வருகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

2018 ஏப்ரலில் கம்பெனியே, தங்கள் இடம் புதியவர்களையும் பெண்களையும் நிறவேற்றுமைக்கு உள்ளாகிறவர்களையும் வரவேற்கும்படி இல்லை என்று ஒப்புக்கொண்டு எழுதியது. மெட்டாவில் பெரும் கூச்சல். எங்களையா முரடர்கள் என்கிறீர்கள் என்று பழையவர்கள் கொதித்தார்கள். நிறைய யோசனைகள் வந்தன, சில நல்ல யோசனைகள். என் பார்வையில் இரு தரப்பும் பேசியது மரியாதையைப் பற்றி. வீடு யாருடையது என்று இருவருமே கேட்கவில்லை. அதற்கான பதில் 2021-ல் வந்தது: புரோசஸ் என்ற கம்பெனி 180 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அதில் பதில் எழுதியவர்களுக்குப் பங்கு இல்லை.

பயனர் என்றால் எங்கும் இப்படித்தானா? தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அங்கே பொது விஷயம் பேசுகிற பக்கத்துக்குப் பெயர் ஆலமரத்தடி. 2009-10 வாக்கில் கூகுள், கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தித் தன் மொழிபெயர்ப்புக் கருவி வழியாக இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரைகளைக் கொட்டியது. நீளமான கட்டுரைகள், தமிழ் மாதிரி இருந்தன. வங்காள விக்கிப்பீடியாக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழ்ப் பயனர்கள் கூகுளோடு பேசினார்கள்: போட்டதை முதலில் திருத்து, எதை மொழிபெயர்ப்பது என்பதில் எங்கள் பேச்சு இருக்கவேண்டும் என்று. 2010-ல் போலந்தின் க்தான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியாவில் தமிழ்த் தரப்பு இதைப் பற்றிய தன் விமர்சனத்தை வைத்தது. வாசித்துப் பார்த்தால் இதுவும் யோசனைப் பட்டியல் போலத்தான் இருக்கும். வித்தியாசம் என்ன? கட்டுரையை நீக்குகிற பொத்தான், யோசனை சொன்னவர்கள் கையிலேயே இருந்தது. கூகுள் உட்கார்ந்து பேசியதற்குத் தமிழ்மேல் பாசம் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அந்தப் பொத்தானைத் தேடுகிற வேளை 2023-ல் வந்தது. சாட்ஜிபிடி எழுதிய பதில்களை 2022 டிசம்பரிலேயே பயனர்கள் தடைசெய்திருந்தார்கள். 2023 மே மாதம் கம்பெனி, இயந்திரம் எழுதியது என்ற சந்தேகத்தில் பதில்களை நீக்காதே என்று சம்பளமில்லாத மாடரேட்டர்களுக்கு உத்தரவு போட்டது. கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. மொத்தக் கேள்வி பதிலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரும் எடுத்துக்கொள்ளும்படி கம்பெனி வெளியிட்டு வந்தது. அதைச் சத்தமில்லாமல் நிறுத்தியிருந்தார்கள். ஜூன் 5 அன்று வேலைநிறுத்தம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்து. குப்பை அள்ளுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்து ஆகஸ்டில் முடிந்தது. உத்தரவு திருத்தப்பட்டது, தரவுத் தொகுப்பைத் தொடர்ந்து வெளியிடக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பல வருஷ வேண்டுகோள்களால் திறக்காத கதவு இரண்டு மாதத்தில் திறந்தது.

வேலைநிறுத்தம் என்ற சொல் வடசென்னைக்காரனுக்கு லேசான சொல் அல்ல. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோர் முன்னின்று பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிர்வாகம் வாடியாவைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டமே வந்தது. 1921-ல் அதே ஆலையின் வேலைநிறுத்தம் சாதிவாரியாகப் பிளந்து புளியந்தோப்பு எரிந்தது. மெட்டாக்காரர்களுடைய அடுப்பு ஜூன் மாதத்தில் அணையவில்லை. அவர்களுக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எனவே அந்தச் சொல்லை அவர்களுக்குக் கடன் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும். தாங்கள் செய்துகொண்டிருந்தது பொழுதுபோக்கு அல்ல, உழைப்பு என்பதை அன்றைக்குத்தான் அவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள்.

2024 மே மாதம் அந்தக் கம்பெனி ஓபன்ஏஐயுடன் ஒப்பந்தம் போட்டது. கோபத்தில் சிலர் தாங்கள் எழுதிய பதில்களைத் தாங்களே அழித்தார்கள். அழித்தவை திரும்ப வைக்கப்பட்டன, அழித்தவர்கள் கொஞ்சநாள் முடக்கப்பட்டார்கள். இதில் சிக்கல் இருக்கிறது, கம்பெனியை மட்டும் திட்டி நகர்ந்துவிட முடியாது. பதில்கள் வெளியானது ஒரு பொது உரிமத்தின்கீழ். எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் எடுத்துக்கொள்ளலாம், கொடுத்ததைத் திரும்பக் கேட்கமுடியாது. அந்த உரிமம்தான் பயனருக்கு இருந்த ஒரே சொத்தும்கூட, ஏனென்றால் இடம் கெட்டுப்போனால் மொத்தத்தையும் நகலெடுத்துக்கொண்டு வேறு இடத்தில் கடை போடலாம். இப்போது இயந்திரம் பதில் சொல்லும்போது பெயரைச் சொல்வதில்லை. எர்ணாவூர் மீனவர் சொன்ன இறால் கணக்கு, நாளைக்கு அறிக்கையில் யாருடைய ‘ஆய்வு’ என்று அச்சாகும் என்பதும் இதே கேள்விதான்.

2024 ஜூலையில் தரவுத் தொகுப்பை இன்டர்நெட் ஆர்க்கைவில் வைக்கிற வழக்கத்தைக் கம்பெனி மாற்றியது. இனி கணக்கு வைத்திருப்பவர் உள்ளே நுழைந்து, நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு இறக்கிக்கொள்ளவேண்டும். பயனர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பை எழுதியது மெட்டாவில்தான்.