ஷினிகாமி: மொழிபெயர்ப்பில் மறைந்த தெய்வம்

டைட் குபோவின் ‘பிளீச்’ (2001–2016) எனும் சப்பானியச் சித்திரத்தொடரில், ஆவிகளைக் காணவல்ல 15 வயது மாணவன் இச்சிகோ, ருக்கியாவின் ஆற்றலைப் பெற்றுத் தீய ஆவிகளை வெல்லும் ‘ஷினிகாமி’ ஆகிறான். இச்சொல்லில் ‘ஷி’ இறப்பையும் ‘காமி’ தெய்வத்தையும் குறிக்கும். ‘ஆன்ம அறுவடையாளர்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர்ப்பில் தெய்வம் மறைந்தது. தமிழில் ‘கூற்றுவன்’ எனின், உடலையும் உயிரையும் கூறுபடுத்துவோன் என்றாகும். ஷினிகாமியோ இறந்தாரின் ஆவிகளை மறுமைக்கு அனுப்புவோன். ஆதலின் ‘இறப்புத் தெய்வம்’ என்பதே மூலத்திற்கு அணுக்கமானது. தெலுங்கரிடையே தமிழரும் வாழும் ஐதராபாத்தின் லாலாகுடாவில் இப்பெயர் மேலும் பொருள் தரும். தெலுங்கில் ‘தெய்யம்’ பேயையும், தமிழில் ‘தெய்வம்’ கடவுளையும் சுட்டும். இரண்டையும் வடமொழித் ‘தைவ’த்தோடு தொடர்புறுத்துவர். பேய் காணும் சிறுவன் தெய்வநிலை எய்தும் கதைக்கு இது இயைபுடையது. ஆங்கிலத்தை மட்டும் நோக்கிப் பெயர்ப்போர்க்கு இவ்வியைபு புலப்படாது.