நவரசாவும் மெய்ப்பாடும்

ஓடிடி எனப்படும் இணையத் திரைத்தளங்கள் தமிழகத்தில் வேரூன்றியபோது, நல்ல படங்கள் தோன்றுதற்கு இருந்த தடைகள் பல நீங்கின என மகிழ்ந்தோம். பாட்டும் சண்டையும் இட்டு இரண்டரை மணி நேரத்திற்கு நீட்டவேண்டா. இடைவேளைக்கென ஒரு திருப்பம் வேண்டா. சிறுகதையின் அளவே படத்தின் அளவாகலாம். இவ்வுரிமையைக் கொண்டு எழுந்த தொகைப் படங்களுள் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது, மணிரத்னமும் ஜெயேந்திர பஞ்சாபகேசனும் முன்னின்று அமைக்க, 2021 ஆகஸ்டு 6ஆம் நாள் நெட்பிளிக்ஸில் வெளிவந்த 'நவரசா'. ஒன்பது சுவைக்கு ஒன்பது படங்கள். கொரோனாத் தொற்றுக் காலத்தில் வருவாய் இழந்த திரைத்தொழிலாளர்க்கு உதவும் பொருட்டுக் கலைஞர்கள் ஊதியம் பெறாது இதில் பணிசெய்தனர். அக்கொடை போற்றற்குரியது. ஆயினும் கொடையின் சிறப்பு வேறு, படத்தின் சிறப்பு வேறு. ஒன்பதனுள் ஒன்றே நிறைவு தந்தது என்பது எம் துணிபு.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார். பரதரின் நாட்டிய நூலும் எட்டே கூறிற்று. சாந்தம் பின்னையோர் கூட்டியது. எண்ணிக்கை பற்றி யாம் வழக்காடவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் நந்நான்கு நிலைக்களன்களை அவர் வகுத்தமையே ஈண்டு நோக்கற்பாலது. சுவை தனித்து நிற்பதோர் பொருளன்று. ஒரு காரணம் பற்றித் தோன்றி, உள்ளத்தில் ஊறி, மெய்யின்கண் புலப்படுவது. நவரசாவிலோ சுவையின் பெயர் முன்னே நிற்கின்றது; காரணம் பின்னே தேடப்படுகின்றது.

கார்த்திக் நரேனின் 'புராஜெக்ட் அக்னி' மருட்கைக்கு உரியது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன மருட்கையின் களன்கள். இவற்றுள் ஒன்றேனும் கண்முன் நிகழ்ந்தால் வியப்போம். படத்திலோ அறிவியலாளர் இருவர் ஓர் அறையில் அமர்ந்து வியத்தற்குரியவற்றைப் பற்றி உரையாடுகின்றனர். கேட்கும் நண்பர் வியக்கின்றார், யாம் வியக்கவில்லை.

'எதிரி' கருணைக்கு உரியதாம். வடநூலார் கூறிய கருணச் சுவை அவலமே. தொல்காப்பியர் அதனை அழுகை என்றார். படமோ கருணையை இக்காலப் பொருளில், மன்னிக்கும் அருள் எனக் கொண்டது. கொன்றவன் கொலையுண்டானின் மனைவி முன் வந்து நிற்கும் காட்சி ஆழமானது. ரேவதியின் முகம் காட்டியதை உரையாடல் மீண்டும் சொல்லித் தேய்த்துவிட்டது. 'கிட்டார் கம்பி மேலே நின்று' உவகைக்கு உரியது; அதிலும் பேச்சே மிகுதி. 'ரௌத்திரம்' ஓரளவு நிற்கின்றது. வெகுளிக்குரிய காரணம் அதில் உண்டு. இறுதித் திருப்பம் அவ்வெகுளியைவிடத் தன்னையே பெரிதாகக் காட்டிக்கொள்வதுதான் குறை.

பிரியதர்சனின் 'சம்மர் ஆஃப் 92' பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். நகைக்குரிய களன்களுள் எள்ளலும் ஒன்று. தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என உரையாசிரியர் அதனை இருவகைப்படுத்துவர். இப்படம் முன்னதையே பற்றிற்று. படிப்பில் பின்தங்கிய மாணவனின் உருவமும் பிறப்புமே எள்ளற்பொருளாயின. இது படம் வெளிவந்தபோதே கண்டிக்கப்பட்டது, கண்டனம் முறையே. முடிவில் மலக்குழியில் வீழ்ந்த நாய் பெண்பார்க்கும் வீட்டில் அழுக்கைத் தெறிக்கச் செய்கின்றது. நகைக்கென எடுத்த படம் அருவருப்பில் முடிந்தது.

வியப்பு யாதெனின், அருவருப்புக்கென எடுத்த படத்தில் இத்தகைய அழுக்கு ஏதும் இல்லை. அதுவே வசந்த் எஸ். சாய் இயக்கிய 'பாயசம்', தி. ஜானகிராமனின் சிறுகதையைத் தழுவியது. வடநூலாரின் பீபத்சம் பெரும்பாலும் கண்ட பொருளால் எழும் அருவருப்பு. தொல்காப்பியரின் இளிவரலோ மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கின்கண் பிறப்பது. மனிதன் தான் தாழ்ந்தமை உணரும் நிலை அது. சாமநாதுவிடம் மூப்பு உண்டு. இளமையிலேயே கணவனை இழந்த மகளைப் பற்றிய வருத்தம் உண்டு. அண்ணன் மகன் சுப்பராயனின் செல்வத்தின்முன் தன் எளிமையும் உண்டு. இறந்த மனைவி அவர் உள்ளத்தே தோன்றி அவருடன் பேசுகின்றாள். பொறாமை முற்றித் திருமணப் பாயசத்தைக் கவிழ்த்து, எலி விழுந்தது எனப் பொய்யுரைக்கும் அவர்பால் யாம் அருவருப்புக் கொள்கிறோம்; அதனுள்ளே இரக்கமும் கொள்கிறோம். 2024இல் மறைந்த டெல்லி கணேஷ், உரத்த குரலின்றி, கண்ணாலும் நடையாலும் அதனைப் புலப்படுத்தினார். இயக்குநர் பீபத்சத்தை நாடினார். ஜானகிராமன் வழியாக இளிவரலை அடைந்தார்.

ஏனைய எட்டுக்கும் இத்தகைய சிறுகதைகள் தமிழில் இல்லாமற் போகவில்லை. அச்சத்துக்கெனப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' ஒன்றையேனும் எவரும் எடுத்துப் பார்த்திருக்கலாம்.