யாரும் வெறுக்காத ஆல்பம்

ஐந்து பேர் சேர்ந்து பத்து ஆல்பங்களுக்கு மதிப்பெண் போட்டால் எது முதலிடத்துக்கு வரும்? எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது வரும் என்று நினைப்போம். எங்களுக்கு அப்படி வரவில்லை. யாருக்கும் பிடிக்காமல் போகாத ஒன்றுதான் வந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பேச்சு ஆல்டர்நேட்டிவ் ராக் இசையைப் பற்றியது. ஆனால் நம் ஊர் நூல் வெளியீடுகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூடாயில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர். ஈப்போ தோழி, கிள்ளான் நண்பன், சுங்கைப் பட்டாணி நண்பன், கிளந்தானிலிருந்து வந்த மலாய் நண்பன், நான். இப்போது ஐந்து பேருக்கும் பினாங்கில் வேலை. ஆளுக்கு இரண்டு ஆல்பம் கொண்டுவர வேண்டும், மாதம் ஒன்று கேட்க வேண்டும், பாயான் பாருவில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து பேச வேண்டும், பத்தும் முடிந்தபின் வரிசைப்படுத்த வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

ஒரே ஒரு கண்டிப்பான விதி இருந்தது. ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், தாவாமல் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) ஆல்பத்தில் பன்னிரண்டு பாடல்கள். ஏழாவது இடத்தில் பாட்டே இல்லை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஒரு கணினிக் குரல் நல்ல வாழ்க்கைக்கான குறிப்புகளை வாசித்துக்கொண்டே போகும். பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்கிறவன் அதை ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டான். ஆனால் வரிசையாகக் கேட்கும்போது, அந்த உயிரில்லாத குரலுக்குப் பின்னால் எட்டாவது பாட்டின் கிட்டார் கத்திக்கொண்டு வந்து விழுவது வேறு மாதிரி இருக்கிறது. நாவலில் ஓர் அத்தியாயத்தைத் தாண்டிப் படித்துவிட்டு நாவலைப் பற்றிப் பேச முடியாது இல்லையா, அது மாதிரிதான்.

இந்த இசைக்கு ஏன் 'மாற்று' என்று பெயர் வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். 80களில் அமெரிக்காவின் கல்லூரி வானொலிகளையும் சிறிய இசை நிறுவனங்களையும் நம்பி வளர்ந்த இசை இது. 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு பில்போர்டில் முதலிடத்தில் உட்கார்ந்தது. அதன்பின் மாற்று என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, இசை நடுவீட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே இதில் தரவரிசை போடுவதே கொஞ்சம் விசித்திரம்தான். கூட்டத்தோடு ஒத்துப்போகாதவர்களின் இசையை, கூட்டம் சேர்ந்து ஓட்டுப்போட்டு வரிசைப்படுத்துவது.

முதல் தடவை பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டோம். எக்செல்லில் சராசரி எடுத்தோம். முதலில் வந்தது ஆர்.ஈ.எம். குழுவின் 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' (1992). ஐந்து பேர் கொடுத்தது 8, 8, 7, 8, 8. சராசரி 7.8. நல்ல ஆல்பம்தான், சும்மா சொல்லக்கூடாது. சாவையும் வயதாவதையும் பற்றி இரைச்சல் இல்லாமல் பேசுகிற ஆல்பம். சில பாடல்களுக்கு லெட் செப்லின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் வயலின் வகைக் கருவிகளுக்கான இசையை அமைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அது முதல் ஆல்பம் கிடையாது. அதைக் கொண்டுவந்த கிள்ளான் நண்பனுக்கே கிடையாது. "சண்டை வராதுன்னுதான் இத கொண்டாந்தேன்" என்றான்.

ஒன்பதாவது இடத்தில் ஹோல் குழுவின் 'லிவ் த்ரூ திஸ்' (1994). அதற்கு விழுந்தது 10, 10, 5, 4, 3. சராசரி 6.4. ஒரு பத்து ஈப்போ தோழியுடையது, இன்னொன்று என்னுடையது.

நான் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரே உதிரிப்பாகத்தை ஐந்து பேர் அளந்து ஐந்து விதமான எண் வந்தால் நாங்கள் பாகத்தைக் குறை சொல்ல மாட்டோம். கருவியைச் சந்தேகப்படுவோம், அளந்தவர்களின் கையைச் சந்தேகப்படுவோம். எண்கள் நெருங்கி வந்தால்தான் நிம்மதி. அந்தப் பழக்கத்தோடு பார்த்தால் 8, 8, 7, 8, 8 அருமையான முடிவு. 10, 10, 5, 4, 3 என்றால் கருவியைத் தூக்கிப் போட வேண்டும். ஆனால் ஓர் ஆல்பத்துக்கு மதிப்பெண் போடும்போது கேட்கிற ஆளும் சேர்ந்துதான் அளக்கப்படுகிறார். எண்கள் சிதறிக் கிடக்கிற இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது. சராசரி அந்தச் சிதறலைத் துடைத்துவிட்டுச் சுத்தமான ஓர் எண்ணைக் கையில் கொடுக்கிறது.

அதனால் முறையை மாற்றினோம். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை 70களிலிருந்து பல ஆண்டுகள் விமர்சகர்களிடம் ஆண்டுதோறும் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. ஒவ்வொருவர் கையிலும் 100 புள்ளிகள். அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. நாங்கள் குறைந்தபட்சத்தை மட்டும் எடுத்துவிட்டோம். பிடிக்கவில்லையா, பூச்சியம் போடு. கையிருப்பு குறைவு என்றதும் எல்லாருக்கும் எட்டு எட்டாக அள்ளிக் கொடுக்க முடியாமல் போய்விட்டது. ஒன்றுக்கு 30 கொடுத்தால் இன்னொன்றிலிருந்து பிடுங்க வேண்டும். ஆர்.ஈ.எம். 45 புள்ளியோடு ஆறாவது இடத்துக்குப் போனது. 'லிவ் த்ரூ திஸ்' 60 புள்ளியோடு மூன்றாவது இடத்துக்கு வந்தது. இத்தனைக்கும் இரண்டு பேர் அதற்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

இங்கேதான் உண்மையான சண்டை தொடங்கியது. அந்த ஆல்பம் கடைக்கு வந்தது 1994 ஏப்ரல் 12. கர்ட் கோபேனின் உடல் கண்டெடுக்கப்பட்டது ஏப்ரல் 8. ஹோல் குழுவின் பாடகி கோர்ட்னி லவ் அவருடைய மனைவி. நான்கே நாள் இடைவெளி. அன்றிலிருந்து அந்த ஆல்பத்தை ஒரு விதவையின் ஒப்பாரியாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டெல்லாம் அவர் எழுதிக் கொடுத்தது என்ற வதந்தியும் கூடவே வந்தது. சுங்கைப் பட்டாணி நண்பன் அதைத்தான் சொன்னான். "நல்லா இருக்குற எடமெல்லாம் அவரு போட்டதா இருக்கும், மிச்சம்தான் அந்தம்மாவோடது." தோழி தே ஓ ஐஸ் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பாட்ட கேக்கல. செய்திய கேக்குறீங்க."

அவள் சொன்னதற்கு ஆதாரம் தேதியிலேயே இருக்கிறது. ஆல்பம் பதிவானது 1993 அக்டோபரில், அந்த மரணத்துக்கு ஆறு மாதம் முன்னால். அதில் ஒப்பாரி இருக்க வாய்ப்பே இல்லை. இருப்பது கோபம். தன் உடலை மற்றவர்கள் பார்க்கிற விதத்தின் மேல், அழகாக இருக்கச் சொல்கிறவர்கள் மேல், அழகாக இருக்க விரும்புகிற தன் மேலும். முதல் பாட்டு 'வயலட்' அடங்கிய குரலில் தொடங்கிச் சட்டென்று கிழிகிறது. மெல்லப் பாடிப் பிறகு வெடிக்கிற இந்த உத்தி பிக்ஸீஸ் குழுவிடமும் இருக்கிறது, நிர்வாணாவிடமும் இருக்கிறது. அங்கே அது பெரும்பாலும் கிட்டார்களின் வேலை. இங்கே வெடிப்பது குரல். ஆறாவது பாட்டு 'டால் பார்ட்ஸ்' இன்னும் எளிமை. கிட்டார் தெரிந்த யாரும் ஒரு மாலையில் வாசித்துவிடலாம். கடைசியில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்து, முடிவில் அது வேண்டுதலா மிரட்டலா என்று நமக்கே தெரியாமல் போகும். சொல் ஒன்றுதான். அர்த்தத்தை மாற்றுவது தொண்டை. இதை யாரும் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

பெரிய பட்டியல்களிலும் இந்த ஆல்பத்தின் கதை வேடிக்கையானது. 1994க்கான வில்லேஜ் வாய்ஸ் வாக்கெடுப்பில், அந்த 100 புள்ளி முறையில், அதற்கு முதலிடம். 2003இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது 466ஆவது இடம். அதே பத்திரிகை 2020இல் வேறு ஆட்களைக் கூப்பிட்டு மறுபடி ஓட்டெடுத்தபோது 106. ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஓட்டுப் போட்ட ஆட்கள் மாறினார்கள், காதுகள் மாறின. அதே இரண்டு பட்டியல்களில் 'நெவர்மைண்ட்' 17இலிருந்து 6க்கு வந்தது. தரவரிசையே பொய் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். அது எடுத்த நாளின் புகைப்படம். யார் நின்று எடுத்தார்கள் என்று கேட்காமல் படத்தைப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

கிளந்தான் நண்பனின் 30 புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் கொண்டுவந்தது மலேசியக் குழுவான பட்டர்ஃபிங்கர்ஸின் 'செலாமாட் திங்கால் துனியா' (2004). மதிப்பெண் முறையில் அதுதான் கடைசி. மற்ற நாலு பேரும் 5, 6 என்று போட்டிருந்தோம். ரேடியோஹெட் பக்கத்தில் இதை எப்படி வைப்பது என்று கிள்ளான் நண்பன் கேட்டான். 1996இல் முதல் ஆல்பம் போட்ட குழு அது. ஆரம்பத்து ஆல்பங்களில் ஆங்கிலத்தில் பாடினார்கள். முழுவதும் மலாயில் பாடிய முதல் ஆல்பம் இது. நண்பனின் வாதம் இதுதான்: ஆங்கிலத்தில் பாடியபோது அவர்கள் சியாட்டலுக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். மலாய்க்கு வந்ததும் பரீட்சை முடிந்துவிட்டது.

மறுபடி கேட்டேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. முந்தைய ஆல்பங்களில் சொல்லை நசுக்கி, தாடையை இறுக்கி வருகிற அந்த அமெரிக்கக் குரலின் சாயல் இதில் தளர்ந்திருக்கிறது. சொல் தெளிவாக விழுகிறது, கிட்டார் அதற்கு இடம் விடுகிறது. ஆனாலும் 10 புள்ளிக்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை. ஆல்பத்தின் நடுப்பகுதி எனக்குத் தொய்வாகவே இருக்கிறது. அதையும் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தப் பாட்டிலிருந்து தொய்வு என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அரைமணி நேரம் ஆனது. பத்து மாதத்தில் நாங்கள் பேசிய உருப்படியான அரைமணி நேரங்களில் அது ஒன்று.

தமிழில் பட்டியல் போட்டதற்காகவே திட்டு வாங்கியவர் க.நா.சு. பெயர்களை அடுக்குவது விமர்சனமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அவர் பட்டியலில் பிடித்தது, அது ஒரு தனி மனிதரின் பட்டியல் என்பது. கூட்டத்தின் சராசரியை அவர் எடுக்கவில்லை. இன்னார் வேண்டும், இன்னார் வேண்டாம் என்று தன் பெயரில் சொன்னார். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மறுக்க ஓர் ஆள் கிடைத்தார்.

நம் மேடைகளில் மறுப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. எந்தச் சிறுகதைத் தொகுப்பு வந்தாலும் 'நல்ல முயற்சி', 'வரவேற்க வேண்டிய வரவு', 'எழுத்தாளர் மேலும் எழுத வேண்டும்'. எல்லாருக்கும் எட்டு. நம் ஊர் சின்னது, நாளைக்கு இன்னொரு கல்யாணத்தில் முகம் பார்க்க வேண்டும், அது புரிகிறது. ஆனால் இந்த எட்டுகளுக்குள்ளே ஒரு பத்து செத்துப்போகிறது. யாரோ ஒருவர் ஒரு கதையைப் படித்துத் தூங்காமல் இருந்திருப்பார். அவருடைய ராத்திரியும், அட்டையை மட்டும் புரட்டிவிட்டு மேடையேறியவரின் பாராட்டும் ஒரே எடைக்குப் போய்விடுகின்றன. எழுதியவருக்கும் தன் கதை யாரை அடித்தது, யாரைத் தொடவே இல்லை என்று கடைசிவரை தெரியாது.

எனவே பட்டியல் போடுங்கள் என்றே சொல்வேன். கையில் 100 புள்ளிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போடுங்கள். பூச்சியம் போடுவதற்கும் தயங்க வேண்டாம். போட்டுவிட்டு, எந்தப் பாட்டிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து என்று யாராவது கேட்டால் எழுந்து போய்விடாமல் இருந்து பதில் சொல்லுங்கள். சுங்கைப் பட்டாணி நண்பன் இன்னும் 'லிவ் த்ரூ திஸ்' ஆல்பத்துக்குப் பூச்சியம்தான் வைத்திருக்கிறான். ஆனால் இப்போது அவன் சொல்கிற காரணம் டிரம்ஸ் பதிவைப் பற்றியது.