சிரிக்கும் சிங்கங்கள்

தானியேலைத் தள்ளிய குகையில் சிங்கங்கள் பல் தெரியச் சிரிக்கின்றன. நோவாவின் பேழையிலிருந்து ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிப் பார்க்கிறது, மேலே வானவில். கிறிஸ்தவப் படப்புத்தகங்களில் இவை பழகிப்போன படங்கள். கடவுளை நம்பலாம் என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் சிங்கமே சிரிக்கிறது என்றால் தானியேலுக்குக் கடவுள் எதற்கு?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காத ஓவியர் பீட்டர் ஸ்பியர். 1977-இல் வந்த அவருடைய 'நோவாவின் பேழை' அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கத்தைப் பெற்றது. தொடக்கத்தில் ஒரு பழைய டச்சுக் கவிதை. அதன்பின் கிட்டத்தட்ட எல்லாமே படங்கள்தான். பேழையில் ஏற இடம் கிடைக்காத விலங்குகள் வெளியே நிற்க, வெள்ளம் ஏறிக்கொண்டே போகிறது. உபதேசம் எதுவும் இல்லை. மடியில் இருக்கும் பிள்ளை “இதுங்க எல்லாம் என்னாச்சு?” என்று கேட்டால், வாசிக்கும் அம்மாதான் பதில் தேட வேண்டும். காப்பாற்றப்படுவதன் அருமையும் அங்கேதான் புரிகிறது.

சாலி லாயிட்-ஜோன்ஸ் எழுதி, ஜேகோ படம் வரைந்த 'ஜீசஸ் ஸ்டோரிபுக் பைபிள்' 2007-இல் வெளிவந்தது. மொத்தம் 44 கதைகள். ஏதேன் தோட்டத்துப் பாம்பு விதைக்கும் நஞ்சு, “கடவுள் என்னை நேசிக்கவில்லை” என்ற பொய் என்கிறார் ஆசிரியர். கீழ்ப்படியாமையின் வேரே அவநம்பிக்கைதான் என்ற கடினமான கருத்து இப்படிக் குழந்தைக்கும் எட்டிவிடுகிறது. யாக்கோபின் மனைவியாகியும் யாரும் விரும்பாத லேயாளுக்கும் இதில் தனிக்கதை உண்டு. எல்லாக் கதைகளையும் இயேசுவை நோக்கி ஒரே கோட்டில் இழுப்பது இந்நூலின் பலம். பலவீனமும் அதுவே. அந்தக் கோட்டில் எளிதில் அடங்காதவர்களுக்கு இடமில்லை, காரணமில்லாமல் துன்பப்பட்ட யோபுவைக் காணோம்.

மேக்ஸ் லுகாடோவின் 'யூ ஆர் ஸ்பெஷல்' (1997) வேதாகமக் கதை அல்ல, உருவகம். மரப்பொம்மைகள் வாழும் ஊரில் திறமைசாலிக்கு நட்சத்திரமும் தடுமாறுகிறவனுக்குச் சாம்பல் நிறப் புள்ளியும் ஒட்டுகிறார்கள். உடம்பெல்லாம் புள்ளியான பஞ்சினெல்லோ, தன்னைச் செதுக்கிய தச்சன் ஈலையைப் பார்க்கப் போகிறான். தச்சனின் பேச்சை நம்பத் தொடங்கியதும் ஒரு புள்ளி கழன்று விழுகிறது. பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் புள்ளி ஒட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடி வாங்கியவனே தன் மனதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த விடுபடல்களைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. கேத்லீன் கோரிவோவும் சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மதச் சூழலில் வளரும் 5, 6 வயதுப் பிள்ளைகள் வேதாகமக் கதை மாந்தர்களை உண்மையில் வாழ்ந்தவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்படி நம்பும் பிள்ளை, புத்தகம் தரும் வாக்குறுதியையும் நிஜமென்றே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஜெபித்தால் ஆபத்து விலகும் என்று படித்த பிள்ளையின் பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போனால், ஜெபம் போதவில்லையோ என்று அது தன்னையே நொந்துகொள்ளக்கூடும்.

மூலநூலான வேதாகமத்தில் இந்தச் சிக்கலுக்கு இடம் இருக்கிறது. தானியேல் ஆகமத்தின் 3-ஆம் அதிகாரத்தில், அரசனின் பொற்சிலையை வணங்க மறுத்து எரியும் சூளைக்கு முன் நிற்கும் மூன்று பேர் தங்கள் தேவன் காப்பாற்ற வல்லவர் என்கிறார்கள். காப்பாற்றாமல் போனாலும் சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள். கதையைச் சுருக்கும்போது உதிர்ந்துபோகக்கூடியது இந்த இரண்டாம் பாதிதான். 13-ஆம் சங்கீதத்துக்கோ சுருக்கமே தேவையில்லை. ஆறே வசனங்கள்: கடவுள் தன்னை மறந்துவிட்டாரா என்ற புலம்பலில் தொடங்கி, நம்பிக்கையைச் சொல்லி, பாட்டில் முடிகிறது. படப்புத்தகமாக்கினால் எட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும். சிங்கத்துக்குப் பல்லும் நகமும் வரையத் தயங்காத ஓவியர் ஒருவர் இருந்தால் போதும்.