ஹோம் சர்வரை ரசிப்பது எப்படி?

விலையுயர்ந்த கணினியைக் கண்டு வியக்கத் தெரிந்த அளவுக்கு, நல்ல கணினி அமைப்பை ரசிக்க நமக்குத் தெரியவில்லை. ப்ராசசரில் எத்தனை கோர், ராம் எவ்வளவு, மானிட்டர் எத்தனை இன்ச் என்றுதான் கேட்கிறோம். இவையெல்லாம் காசு கொடுத்தால் கிடைப்பவை, சில வருடங்களில் பழசாகிவிடுபவை. வைத்திருப்பவரின் யோசனை தெரியும் இடம் வேறு. எந்தக் கணினியிலும் சில பொருள்கள் என்றாவது போய்விடும், சில கடைசிவரை நிற்க வேண்டும். ஹார்டு டிஸ்க் ஒருநாள் படுத்துவிடும், ஆப்பை எழுதியவர்கள் கைவிடுவார்கள், கம்பெனி விதிகளை மாற்றும். படமும் கடிதமும் கணக்கும் எழுதிய பக்கமும் இத்தனையையும் தாண்டி இருந்தாக வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் நடுவே அவர் எங்கே கோடு கிழித்திருக்கிறார், எவ்வளவு சுத்தமாகக் கிழித்திருக்கிறார் என்று பார்க்கப் பழகினால் ரசனை தானாக வரும்.

ஊரறிந்த இருவரை வைத்து இதைப் பழகலாம். லினக்ஸ் கெர்னலை 1991-இல் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், 2020 மே மாதம் தன் மேசைக் கணினியை மாற்றினார். சுமார் 15 வருடம் இன்டெல் ப்ராசசரிலேயே இருந்தவர், 32 கோர் கொண்ட ஏஎம்டி திரெட்ரிப்பருக்குப் போனார். முழுக் கெர்னலையும் கம்பைல் செய்து பார்க்கும் சோதனை மூன்று மடங்கு வேகமானது. செய்தியானது அந்த ப்ராசசர்தான். ஆனால் அவர் பல பத்தாண்டுகளாகக் கைவிடாதது மைக்ரோஈமேக்ஸ் என்ற பழைய எடிட்டரை. அதில் தனக்கென்று ஒரு பிரதியை அவரே பராமரித்தும் வருகிறார். வேலையின் வேகம் இயந்திரத்தைப் பொறுத்தது, அதனால் இயந்திரம் மாறியது. விரல்களின் பழக்கம் எடிட்டரில் இருக்கிறது, அதனால் எடிட்டர் மாறவில்லை. கணினி அறிவியலாளர் டொனால்டு கனூத் கிழித்த கோடு இன்னொரு வகை. அவர் 2008-இல் ஒரு பேட்டியில் சொன்னபடி, முக்கியமான வேலையெல்லாம் இணையத் தொடர்பே இல்லாத உபுண்டு லேப்டாப்பில், இணையத்தில் உலவுவதும் படம் வரைவதும் மேக்கில். இரண்டுக்கும் இடையே பென் டிரைவ் போய்வரும். அவர் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இப்போது புது வசதி எதுவும் சேர்ப்பதில்லை. பிழை திருத்தும்போது மட்டும் பதிப்பு எண்ணில் பை (π) என்ற கணித எண்ணின் அடுத்த இலக்கம் சேரும். இந்த இருவரின் ரசனையும் அவர்கள் எதை மாறவிடவில்லை என்பதில்தான் தெரிகிறது.

இதே கண்ணோடு ஒரு ஹோம் சர்வரை, அதாவது வீட்டின் படங்களையும் ஃபைல்களையும் வீட்டிலேயே வைத்து எப்போதும் ஓடும் கணினியை, பார்க்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது: ரவுட்டர் பக்கத்தில் இன்டெல் என்100 போட்ட ஒரு மினி பிசி, இரண்டு டிஸ்க், ஒரு யுபிஎஸ். படங்களுக்கு இம்மிச், ஃபைல்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சினிமாவுக்கு ஜெல்லிஃபின் என்று ஒவ்வொரு ஆப்பும் டாக்கர் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிக்குள் ஓடும். வண்ண வண்ண கிராஃப்களை உரிமையாளர் காட்டினால் பார்த்துவிட்டு, எந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதியிருக்கும் கம்போஸ் ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வால்யூம்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கும். இடப்பக்கம் வீட்டு டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரின் பெயர், நடுவில் ஒரு முக்காற்புள்ளி, வலப்பக்கம் கன்டெய்னருக்குள் அந்த ஃபோல்டர் தெரியும் இடம். நாம் தேடும் கோடு அந்த முக்காற்புள்ளிதான். கன்டெய்னரை அடியோடு அழித்துவிட்டுப் புதுப் பதிப்பை இறக்கினாலும் இடப்பக்கத்தில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. எல்லா ஆப்களின் இடப்பக்கமும் ஒரே பெரிய ஃபோல்டருக்குள் போய் நின்றால், யோசித்துச் செய்தவர் என்று தாராளமாகப் பாராட்டலாம். அந்த வரியே இல்லாமல் படங்கள் கன்டெய்னருக்குள் கிடந்தால், அடுத்த அப்டேட்டுக்காகக் கன்டெய்னரை மாற்றும்போது படங்களும் அதோடு போகும். வெளியிலிருந்து பார்க்க இரண்டு சர்வரும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மென்பொருளை இப்படிப் போகிற பக்கத்தில் வைப்பது மிகையான எச்சரிக்கையல்ல. ஃபைல்களை வைக்கும் ஓன்கிளவுட் மென்பொருளைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக்கே 2016-இல் அதைவிட்டு விலகி நெக்ஸ்ட்கிளவுட்டைத் தொடங்கினார். எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் மென்பொருள் தன் மூல நிரலை மூடியதும் 2018-இல் அதிலிருந்து ஜெல்லிஃபின் பிரிந்தது. இரண்டு முறையும் பலர் புது மென்பொருளுக்கு மாறினார்கள். சாதாரண ஃபோல்டரில் சாதாரண ஃபைலாக வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய பாடாக இருக்கவில்லை. ஆகவே இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, சரக்கு எந்த வடிவில் இருக்கிறது என்பதை. படங்கள் ஜேபெக்காக வருடவாரியாக அடுக்கப்பட்டிருந்தால், குறிப்புகள் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக இருந்தால், எந்த ஆப் போனாலும் அவற்றைத் திறக்கலாம்.

மூன்றாவது, பேக்கப். இரண்டு டிஸ்க்கைக் காட்டி ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்பார்கள். மிரர் செய்த டிஸ்க் ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும், தவறுதலாக அழித்ததைக் காப்பாற்றாது. இங்கே அழித்தால் அதே நொடியில் அங்கேயும் அழியும். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இதிலும் எண்ணிக்கையைவிட ஒரு பதில் முக்கியம்: பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தார்? தேதியோடு பதில் வந்தால் அந்த அமைப்பு நேர்த்தியானது.

பெரிய கம்பெனிகள் இதைவிட நன்றாகப் பாதுகாக்கும்போது வீட்டில் எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கலாம். டிஸ்க் பழுதாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது உண்மை, டேட்டா சென்டரோடு வீட்டு அலமாரி போட்டியிட முடியாது. ஆனால் அங்கே கோட்டைக் கிழிப்பது நாம் அல்ல. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. இரண்டிலும் முன்னறிவிப்பு இருந்தது, சரக்கை எடுத்துக்கொண்டு போக வழியும் இருந்தது. எனவே கிளவுடே வேண்டாம் என்பது என் வாதமல்ல. வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டிய அந்த ஒரு பிரதியை, என்க்ரிப்ட் செய்து, கிளவுடிலேயே வைத்திருப்பவர் சர்வரைச் சரியாகப் புரிந்துகொண்டவர்.

கரண்டும் நேரமும் வீண் என்பது அடுத்த குறை. சராசரியாக 10 வாட் இழுக்கும் மினி பிசி இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் ஏறக்குறைய 15 யூனிட், அதைப் பெரிய செலவு என்று சொல்ல முடியாது. நேரத்தைப் பற்றிய குறையில் நியாயம் உண்டு. தினமும் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே இருப்பவரின் சர்வர் அவருக்கு விளையாட்டு மைதானம், அதில் தப்பில்லை. ஆனால் குடும்பப் படங்களும் அதே மைதானத்தில் கிடந்தால் கோடு அழிந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் கடுமையான குறை ஒன்று உண்டு: எல்லாம் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கிறது, அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இது பல நல்ல சர்வர்களுக்கும் பொருந்தும் குற்றச்சாட்டு. நிற்க வேண்டியவற்றைப் பிரித்து வைத்தவர், தானும் போகக்கூடிய பக்கத்தில்தான் இருக்கிறோம் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது, பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது, வெறும் லேப்டாப்பில் மாட்டி எப்படித் திறப்பது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருப்பவரின் சர்வரே முழுமையானது.

இந்த ரசனைக்கு சர்வர் வாங்க வேண்டியதில்லை, உங்கள் போனிலேயே தொடங்கலாம். ஒரு மாதப் படங்களை மட்டும் வெளி டிஸ்க்கில் இறக்குங்கள். வேறொரு கணினியில் அதை மாட்டி, எந்த ஆப்பிலும் லாகின் செய்யாமல் அவை திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால், மற்ற மாதங்களையும் இறக்கிவிடுங்கள்.