ஏழாவது ராஜபார்ட்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும், தக்காளிக்கும், சாலையோரத்து வண்டிக் கருப்பணசாமிக்கும் பேர்போன பேரூராட்சி. இந்த வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' நாடகம் போடுவது நெடுநாள் வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாடம். முருகன் வேடனாக வருவான், வள்ளியிடம் தர்க்கம் செய்வான், கடைசியில் கல்யாணம் நடக்கும். இது தெரியாதவர் கூட்டத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். அப்படியும் நோட்டீஸ் ஒட்டியதும் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "இந்தத் தடவை ராஜபார்ட் யாரு?"

அதே கேள்வியை உலகம் அறுபது வருஷத்துக்கும் மேலாக இன்னொரு வேஷத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது: அடுத்த ஜேம்ஸ்பாண்ட் யார்? 1962 அக்டோபரில் லண்டனில் 'டாக்டர் நோ' வெளியானது. 2021இல் 'நோ டைம் டு டை' வந்தது. இவ்விரண்டையும் சேர்த்து ஈயான் நிறுவனம் எடுத்த பாண்ட் படங்கள் 25, வேஷம் கட்டியவர்கள் 6 பேர். தாத்தா பார்த்த தொடரைப் பேரனும் பார்ப்பதற்குச் சண்டை, கார், அழகிகள் என்று வழக்கமான காரணங்களைச் சொல்கிறார்கள். அவை எல்லாமே இருந்த எத்தனையோ தொடர்கள் இரண்டாம் படத்தோடு படுத்துவிட்டன. பாண்ட் நிலைத்ததன் காரணத்தை, வள்ளி திருமணம் போடும் ஸ்பெஷல் நாடக மேடையில் தேடினால் கிடைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒத்திகை இல்லாத நாடகம்

ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் அல்லர். நாயக வேஷத்து ராஜபார்ட் ஓரூர், நாயகி வேஷத்து ஸ்திரீபார்ட் வேறூர், கோமாளியான பபூன் இன்னோரூர். தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு, அன்றிரவுதான் மேடையில் ஒன்று சேர்கிறார்கள். ஒத்திகை கிடையாது. பாடம் எல்லோருக்கும் பொது என்பதால் விடியவிடிய நாடகம் நடக்கிறது. பார்க்கிறவர்களுக்கும் பாடம் தெரியும். அதனால்தான் இவர் எப்படிப் பாடுகிறார், தர்க்கத்தில் எங்கே மடக்குகிறார் என்று எடைபோட முடிகிறது.

பாண்ட் தொடரின் பாடம் முதல் மூன்று படங்களிலேயே அமைந்துவிட்டது. துப்பாக்கிக் குழல் வழியே அவன் நடந்துவந்து நம்மை நோக்கிச் சுடும் தொடக்கத்தை மாரிஸ் பைண்டர் 'டாக்டர் நோ'வுக்காக வடிவமைத்தார். எழுத்து போடுவதற்கு முன்பே ஒரு முன்கதை வருவது 1963இன் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் தொடங்கியது. பெரிய பாடகரைக் கொண்டு தலைப்புப் பாட்டு பாடவைப்பது, ஷெர்லி பேசி பாடிய 'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்தோடு நிலைபெற்றது. அதே படத்தில்தான் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரும் வந்தது. பிறகு வந்த இயக்குநர்கள் இந்த வரிசையைக் கலைத்தார்கள், தள்ளிப்போட்டார்கள், கேலிகூடச் செய்தார்கள். கைவிட மட்டும் துணியவில்லை.

பாண்டின் புகழ்பெற்ற இசைக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. டிரினிடாட்டுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த குடும்பத்தைப் பற்றி வி.எஸ். நைபால் எழுதிய 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க முயன்றபோது மாண்டி நார்மன் ஒரு பாட்டு எழுதினார். நாடகம் மேடையேறவில்லை. பாட்டின் மெட்டை அவர் பாண்டுக்குத் திருப்பிவிட்டார், ஜான் பாரி அதற்கு கிதாரும் பித்தளை வாத்தியங்களும் சேர்த்து முறுக்கேற்றினார்.

வேஷத்துக்குத்தான் மரியாதை

ஷான் கானரியிடம் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. ஜார்ஜ் லேசன்பி 1969இல் ஒரே படத்தோடு போனார். ரோஜர் மூர் 1973 முதல் 1985 வரை ஏழு படங்களில் கிண்டலும் புருவமுமாக ஓட்டினார். டிமோதி டால்டன் கடுகடுத்தார், பியர்ஸ் பிராஸ்னன் மெருகேற்றினார், டேனியல் கிரெய்க் அடிபட்டு ரத்தம் சிந்தினார். ஆறு பேரும் ஆறு விதம். எது சரியான பாண்ட் என்று சண்டை போடுவதே ரசனையின் பாதி. அந்தச் சண்டை அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே நடக்கும்போது, தொடர் தானாகவே அடுத்த தலைமுறைக்குக் கைமாறிவிடுகிறது.

ராஜபார்ட் மாறும்போது மேடை குலுங்காமல் பார்த்துக்கொண்டவர்கள் துணை வேஷக்காரர்கள். கருவிகளைச் செய்துகொடுக்கும் 'க்யூ'வாக டெஸ்மாண்ட் லூவெலின் 1963 முதல் 1999 வரை 17 படங்களில் நடித்தார். ஐந்து பாண்டுகளை அவர் அலுத்துக்கொண்டே வழியனுப்பியிருக்கிறார். மேலதிகாரியின் செயலாளர் மணிபென்னியாக லூயிஸ் மேக்ஸ்வெல் 14 படங்கள். புதியவர் வந்து நிற்கும்போது இந்தப் பழைய முகங்கள் அவரை அதே பேரால் கூப்பிட்டுவிட்டால் போதும், கூட்டம் ஏற்றுக்கொள்ளும்.

ஒப்பிட்டுப் பார்க்க டாம் குரூஸ் இருக்கிறார். 'டாக்டர் நோ' வந்த 1962இல் பிறந்தவர். 1996இலிருந்து 2025 வரை 'மிஷன் இம்பாசிபிள்' படங்களை ஒற்றை ஆளாகத் தோளில் சுமந்தார். அவர் இறங்கிக்கொண்டால் அந்த வண்டியை யார் ஓட்டுவது என்பதற்கு விடையில்லை. பாண்ட் படத்திலோ நாயகனையே 2021இல் சாகடித்தார்கள். வேலனுக்கு வேஷம் கலைந்ததைப் பார்த்து யாரும் முருகன் போய்விட்டான் என்று அழுவதில்லை. அடுத்த ஆள் யார் என்ற பேச்சு மறுநாளே தொடங்கிவிட்டது.

எதிராளி அந்தந்தக் காலத்து ஆள்

பாடம் மாறாது என்றால் சலிக்காதா? தர்க்கக் காட்சியில் நல்ல நடிகர் அன்றைய ஊர்ச் சேதியை நுழைப்பார். பாண்டில் அந்த வேலை வில்லனுடையது. பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங்கின் நாவல்களில் பெரும்பாலும் சோவியத் உளவுக்காரர்கள்தான் எதிரிகள். படமெடுத்தவர்கள் அந்த இடத்தில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத 'ஸ்பெக்டர்' என்ற கும்பலை வைத்தார்கள். பனிப்போர் முடிந்த பிறகும் படம் செத்துப்போகாததற்கு அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம்.

1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வெற்றி பெற்றதும் பாண்ட் 1979இல் 'மூன்ரேக்கர்' படத்தில் விண்வெளிக்குப் போனான். 1989இல் போதைப்பொருள் முதலாளி, 1997இல் ஊடக முதலாளி, அமெரிக்க வேவை அம்பலப்படுத்திய ஸ்னோடன் விவகாரத்துக்கு இரண்டு வருஷம் கழித்து 2015இல் எல்லோரையும் வேவுபார்க்கும் வலைப்பின்னல் என்று எதிராளி மாறிக்கொண்டே இருந்தான். 2008இன் 'குவாண்டம் ஆஃப் சொலேஸ்' படத்து வில்லன் பொலிவியாவில் நிலத்தடி நீரை அடைத்துவைத்து விலைபேசுகிறான். அணுகுண்டைக் காட்டிப் பயமுறுத்தும் வில்லனை வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்துச் சம்சாரி வேடிக்கைதான் பார்ப்பான். போர் போட்டும் தண்ணீர் வராத காட்டில் நின்றவனுக்கு இந்த வில்லனை விளக்கத் தேவையில்லை. 2022இல் வந்த 'சர்தார்' தமிழ்ப் படத்திலும் உளவாளி எதிர்த்து நிற்பது தண்ணீரைத் தனியார்மயமாக்கும் கும்பலைத்தான். அந்தப் படத்தில் கார்த்தி ஏற்ற உளவாளி, நாடக மேடையிலிருந்து வந்தவன் என்பது நம் வாதத்துக்குக் கிடைத்த எதிர்பாராத சாட்சி.

சந்தைக்கு வந்த பாண்ட்

சிற்றூர்களுக்குப் பாண்ட் வரிசைப்படி வந்து சேரவில்லை. ஆங்கிலப் படங்கள் பெருநகரத் தியேட்டர்களோடு நின்ற காலத்தில், பலருக்கு அவன் முதலில் அறிமுகமானது தாளில். தினத்தந்தி குழுமத்தின் 'ராணி காமிக்ஸ்' 1984இல் தொடங்கியபோது முதல் இதழான 'அழகியைத் தேடி'யின் நாயகன் ஜேம்ஸ்பாண்ட் 007. லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் 1958 முதல் வந்த படக்கதைகள், கானரி வேஷம் கட்டுவதற்கு முன்பே தொடங்கியவை, தமிழ் பேசிக்கொண்டு பெட்டிக்கடையில் தொங்கின. பிறகு தமிழ்க்குரல் கொடுத்த படங்கள் வந்தன, தொலைக்காட்சி வந்தது, செல்போன் வந்தது.

ஆகவே ஒருவருக்குக் கோடுகளால் ஆன பாண்ட், அடுத்தவருக்கு மூர், கல்லூரிப் பிள்ளைக்குத் தமிழ் பேசும் கிரெய்க். கிரெய்க்கைப் பார்த்தவன் பின்னோக்கிப் போய்க் கானரியைப் பார்த்தாலும் ஒன்றும் புரியாமல் போகாது. முந்தின வருஷத்து நாடகத்தைத் தவறவிட்டவன் இந்த வருஷம் வந்து உட்காரத் தடையுண்டா?

நம் பாண்டுகள் ஏன் தொடரவில்லை

உளவுக் கதையில் தமிழ் சினிமா பின்தங்கியிருக்கவில்லை. பாண்ட் திரைக்கு வருவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1954இல், எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' ஜப்பானுக்கு உளவு சொல்லும் ஒருவனைக் கதையின் நடுவில் வைத்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) போன்ற படங்களை எடுத்து அவருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பேரை வாங்கிக்கொடுத்தது. 'வல்லவன் ஒருவன்' படத்துக்கு மூலம் ஓ.எஸ்.எஸ். 117 என்ற உளவாளியின் பிரெஞ்சுப் படம். அந்த உளவாளி நாவலில் பிறந்தது 1949இல், பாண்டுக்கு நான்கு வருஷம் மூத்தவன். எம்.ஜி.ஆருக்கு 'ரகசிய போலீஸ் 115' (1968), தெலுங்கில் கிருஷ்ணாவுக்கு 'கூடசாரி 116' (1966). கன்னடத்தில் ராஜ்குமார் சி.ஐ.டி. 999 ஆக 1968 முதல் 1978 வரை நான்கு படங்கள் நடித்தார்.

நம்பர்கள் இருந்தன, தொப்பி இருந்தது, கார் இருந்தது. ஆனால் 115 என்றால் அது எம்.ஜி.ஆர். அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? இங்கே நடிகர்தான் பெரியவர், வேஷம் அவர் போட்டுக் கழற்றும் சட்டை. சுஜாதா எழுதிய 'விக்ரம்' 1986இல் வந்தது. அதே ஏஜென்ட் 36 வருஷம் கழித்து 2022இல் திரும்பி வந்தபோதும் கமல்ஹாசனே வரவேண்டியிருந்தது, நரைத்த தாடியோடு. அவரோடு சேர்ந்து வயதானவர்கள் விசிலடித்தார்கள். ரசிகனின் ஆயுளோடு நாயகனும் மூப்படையும் அந்த உறவுக்கு ஓர் அழகு உண்டு. தலைமுறை தாண்ட அது உதவாது.

கறையும் உண்டு

இத்தனையும் சொல்லிவிட்டு மறைக்கக் கூடாத ஒன்று: பாண்ட் என்பவன், தன் சாம்ராஜ்யம் போனதை ஒப்புக்கொள்ளாத ஒரு நாட்டின் பகற்கனவு. 1983இல் உதயப்பூரில் எடுத்த 'ஆக்டோபுஸ்ஸி'யில் பாம்பும் புலியும் யானை மேல் வேட்டையுமாகத்தான் இந்தியா தெரிகிறது. விம்பிள்டனில் இருமுறை கால் இறுதிவரை போன நம் சென்னை விஜய் அமிர்தராஜ் அதில் பாம்பாட்டியாக உட்கார்ந்து மகுடியில் பாண்ட் மெட்டை வாசிக்கிறார். பெண்களைத் தொடர் நடத்திய விதமோ இன்னும் மோசம். 1995இல் ஜூடி டென்ச் மேலதிகாரியாக வந்து பாண்டின் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லும்படி வைத்தார்கள். பழைய நாடகத்தின் கொச்சை வசனங்களைப் புது ஸ்திரீபார்ட் மேடையிலேயே மடக்குவதுபோல, தொடர் தன் பழசைத் தானே திட்டிக்கொள்ளப் பழகியதால் தப்பியது.

கம்பெனி கைமாறிய பிறகு

1961இல் ஆல்பர்ட் பிராக்கலியும் ஹாரி சால்ட்ஸ்மனும் தொடங்கிய ஈயானை, பிராக்கலியின் மகள் பார்பராவும் வளர்ப்பு மகன் மைக்கேல் வில்சனும் பிறகு நடத்தினார்கள். 59 வருஷத்தில் 25 படங்களுக்கு மேல் ஈயான் எடுக்கவில்லை. 1989க்கும் 1995க்கும் நடுவே, உரிமை வழக்குகளால், ஆறு வருஷம் மேடை இருட்டாகவே கிடந்தது. 2025 பிப்ரவரியில் படைப்புரிமை அமேசான் கைக்குப் போனது. அந்த ஜூனில் டெனி வில்னவ் அடுத்த படத்தின் இயக்குநர் என்று அறிவித்தார்கள்.

ஏழாவது ராஜபார்ட் யாராக இருந்தாலும் பாடம் அவரைத் தாங்கும், ஆறு பேரைத் தாங்கிய பாடம்தானே. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கிளைத்தொடராகவும் முன்கதையாகவும் பிரித்து மாதாமாதம் ஓடவிடுவது ஓடிடி வியாபாரத்தின் வழக்கம். வள்ளி திருமணத்தைத் தினமும் போட்டால் அய்யலூரிலேயே ஆள் வராது. கதை தெரிந்தவனை மறுபடி வரவழைப்பது இடைவெளி. அந்த இடைவெளியை ஒரு குடும்பம் காத்தது. ஒரு கடை காக்குமா என்பதில்தான் ஏழாவது பாண்டின் ஆயுள் இருக்கிறது.